சிசிலியில் ஒரு வாரம்: கிழக்கா, மேற்கா?

சிசிலிக்கு ஒரு வாரம் ஒதுக்கியவர்கள் போடும் முதல் திட்டம் பெரும்பாலும் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகவே இருக்கும். வரைபடத்தைப் பார்த்தால் அது முடியக்கூடியதாகவும் தோன்றும். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான இதன் பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். வடமேற்கிலுள்ள பலேர்மோவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள கத்தானியாவுக்கு உள்நாட்டு நெடுஞ்சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் பழங்கால நகரங்களில் பெரும்பாலானவை கரையை ஒட்டிச் சிதறிக் கிடக்கின்றன. கரையோரமாகவே சுற்ற முனைந்தால் தூரம் 1,000 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதை ஏழு நாளில் முடிக்க நினைப்பவர் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வேறு ஊரில் தங்கவும், கோயில்களை நண்பகல் வெயிலில் அவசரமாகப் பார்த்துவிட்டு நகரவும் நேரும். எனவே அந்தத் திட்டத்தை இங்கே தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, கிழக்கு, மேற்கு ஆகிய இரண்டு பாதிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் பார்க்கிறேன். பழமையான இடங்களைப் பார்ப்பதே முதன்மையான நோக்கம் என்று கொள்கிறேன். கடலில் குளிப்பதற்காகவே போகிறவருக்கு இந்த ஒப்பீடு அதிகம் பயன்படாது.

தீவைக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பது பயண வசதிக்காக இன்று கிழித்த கோடு அன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், இத்தாலியிலிருந்து வந்த சிக்கெல் மக்கள், முன்பே அங்கு வாழ்ந்த சிக்கான் மக்களைத் தீவின் மேற்குக்கும் தெற்குக்கும் தள்ளியதாகக் குறிப்பிடுகிறார். கிரேக்கர்கள் கி.மு. 734 அளவில் கிழக்குக் கரையில் நாக்சோஸையும், அதற்கு அடுத்த ஆண்டு சிராக்கூசாவையும் நிறுவினார்கள். அவர்கள் பெருகப் பெருக, முன்பு தீவைச் சுற்றிலும் வணிகம் செய்துவந்த, இன்றைய லெபனான் கரையைச் சேர்ந்த கடலோடிகளான ஃபினீசியர்கள் மேற்கு மூலைக்கு ஒதுங்கி, மோத்தியா, சொலூந்தோ, பலேர்மோ ஆகிய மூன்று இடங்களில் நிலைகொண்டார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. பிற்காலத்தில் கிரேக்கர்களுக்கும், வட ஆப்பிரிக்காவில் ஃபினீசியர்கள் நிறுவிய நகர அரசான கார்த்தேஜுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கைகளில் ஹாலிக்கோஸ் ஆறு எல்லையாகக் குறிக்கப்பட்டது. இன்று பிளாத்தானி எனப்படும் அந்த ஆறு தென்கரையிலுள்ள அக்ரிஜெந்தோவுக்கு மேற்கே, எராக்லேயா மினோவா என்ற பழைய நகரத்தின் அருகில் கடலில் கலக்கிறது. ஆக, இன்றைய பயணி விமானச் சீட்டு எடுக்கும்போது செய்யும் தேர்வு, ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் பழமையான ஓர் எல்லையின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதுதான்.

கிழக்கை எடுத்துக்கொண்டால், அதன் வலிமை முழுவதும் சிராக்கூசாவில் இருக்கிறது. அந்த நகரத்தின் பழைய பகுதியான ஒர்தீஜியா, பாலங்களால் நிலத்தோடு இணைக்கப்பட்ட ஒரு சிறு தீவு. அதன் நடுவிலுள்ள பேராலயத்தை முன்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு அது 18ஆம் நூற்றாண்டின், அலங்காரம் மிக்க பரோக் பாணித் தேவாலயமாகவே தெரியும். பக்கச் சுவருக்கு வந்தால்தான், அந்தச் சுவருக்குள் பதிந்து நிற்கும், டோரிக் எனப்படும் எளிய கிரேக்கப் பாணியிலான தடித்த தூண்கள் கண்ணில் படும். கி.மு. 480இல் ஹிமேரா போரில் கார்த்தேஜை வென்ற பின் சிராக்கூசாவின் ஆட்சியாளர் கெலோன் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோயில்தான் அது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி, கருவறைச் சுவர்களில் வளைவுகள் திறந்து, அதைத் தேவாலயமாக்கினார்கள். 878இல் நகரம் அரபுகளிடம் வீழ்ந்தது. பின்னர் வட பிரான்ஸைச் சேர்ந்த நார்மன்கள் வந்தார்கள். 1693 நிலநடுக்கம் முகப்பை வீழ்த்தியது. இன்றைய முகப்பு அதன் பிறகு எழுந்தது. இத்தனைக்கும் நடுவே அங்கு வழிபாடு ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாகத் தொடர்கிறது. இடிபாடுகளைக் காட்டிலும் உயிரோடிருக்கும் கோயில்களையே பழமையின் அடையாளமாகக் கண்டு பழகிய நமக்கு, மத்தியதரைக் கடற்பகுதியில் உடனே மனத்தில் பதியும் கட்டடம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

நகரத்தின் மறுபுறம் நியாபொலிஸ் தொல்லியல் பூங்கா இருக்கிறது. மலைப்பாறையைக் குடைந்து அமைத்த கிரேக்க அரங்கம், இரண்டாம் ஹியெரோன் மன்னன் கட்டிய, ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள பலிபீடம், ஆழமான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆகியவை அங்கே உள்ளன. கி.மு. 415இல் பெரும் கடற்படையோடு வந்த ஏதென்ஸ் 413இல் முற்றாகத் தோற்றபோது, 7,000 பேருக்குக் குறையாத கைதிகள் இந்தச் சுரங்கங்களில் அடைக்கப்பட்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். அவர்களில் பலர் வெயிலாலும் பசியாலும் மாண்டார்கள். இப்போது அங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் வளர்ந்து நிழல் தருகின்றன. 1914 முதல் இந்த அரங்கத்தில் பழைய கிரேக்க நாடகங்களை மேடையேற்றி வருகிறார்கள். வழக்கமாக மே மாதத்தில் தொடங்கி ஜூலை வரை நடக்கும். பார்வையாளர்கள் அமர்வதற்காக அந்தப் பருவத்தில் கல் இருக்கைகள் மீது மரப்பலகைகளைப் பரப்பிவிடுவதால், நாடகம் பார்க்க விரும்புகிறவருக்கு அது நல்ல காலம். பாறையில் வெட்டிய அரங்கத்தை உள்ளபடி பார்க்க விரும்புகிறவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

சிராக்கூசாவை அடுத்துக் கிழக்கு தருவது எட்னா எரிமலை. 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அடிக்கடி சீறிக்கொண்டேயிருக்கும் இந்த மலை 2013இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தென்புறச் சாலை சுமார் 1,900 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அங்கிருந்து கம்பிவட ஊர்தி 2,500 மீட்டர் வரை ஏற்றிவிடும். அதற்கு மேல் வழிகாட்டியோடுதான் போக வேண்டும், அதுவும் மலை அமைதியாக இருந்தால். கத்தானியா நகரமே எட்னாவின் கல்லால் ஆனது. 1669இல் எரிமலைக் குழம்பு நகரம் வரை வந்தது. 1693இல் நிலநடுக்கம் எஞ்சியதை அழித்தது. பிறகு எழுந்த நகரத்தின் தெருக்களும் சுவர்களும் கருங்கல் நிறத்தில் இருக்கின்றன. பேராலயச் சதுக்கத்தில் எரிமலைக் கல்லில் செதுக்கிய யானை ஒன்று, எகிப்தியத் தூபியை முதுகில் சுமந்து நிற்கிறது; நகரத்தின் சின்னமே அந்த யானைதான்.

அதே 1693 நிலநடுக்கத்தின் விளைவுதான் தென்கிழக்கு மூலையிலுள்ள நோத்தோ, ரகூசா, மோதிக்கா முதலிய ஊர்கள். அழிந்த நோத்தோவைப் பழைய மலையுச்சியிலேயே கட்டாமல் சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய இடத்தில், நேரான வீதிகளோடு, தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டினார்கள். கத்தானியாவையும் உள்ளடக்கிய எட்டு ஊர்கள் 2002இல் உலக மரபுப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இவை மிக அழகானவை. ஆனால் பழங்காலத்தைத் தேடி வருகிறவருக்கு இவற்றில் ஓர் ஊர் போதும். கத்தானியாவுக்கு வடக்கே கடலோர மலைமேலுள்ள தவோர்மினாவைப் பற்றியும் ஏறக்குறைய அதையேதான் சொல்வேன். அங்குள்ள அரங்கத்தில் கிரேக்க அடித்தளத்தின் மீது ரோமானியர்கள் செங்கல்லால் எழுப்பிய மேடைச் சுவரின் இடைவெளியில் எட்னா தெரியும் காட்சி புகழ்பெற்றது, அந்தப் புகழுக்குத் தகுதியானதும்கூட. ஆனால் தங்குமிட விலையும் கூட்டமும் தீவின் பிற ஊர்களைவிட மிக அதிகம். கத்தானியாவில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புவதே சிறந்த வழி.

கிழக்கோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னோர் இடம், தீவின் நடுப்பகுதியில் பியாத்சா அர்மெரினா என்ற ஊருக்கு அருகிலுள்ள வில்லா ரொமானா தெல் கசாலே. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஒரு ரோமானியப் பெருந்தனவந்தருக்காகக் கட்டப்பட்ட மாளிகையின் தரை முழுவதும், ஏறக்குறைய 3,500 சதுர மீட்டர் அளவுக்கு, வண்ணக் கற்களால் ஆன ஓவியங்கள் பரவியிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் மண்சரிவு மூடியதால்தான் அவை இன்றளவும் பிழைத்திருக்கின்றன. பெரும்பாலான பயணிகள் பந்து விளையாடும் இளம் பெண்களின் படத்தைப் பார்ப்பதற்காக விரைகிறார்கள்; என்னைக் கேட்டால், 60 மீட்டருக்கு மேல் நீளும் வேட்டைக் கூடத்தில்தான் நின்று நிதானிக்க வேண்டும். உரோமின் விளையாட்டரங்குகளுக்காகப் பேரரசின் பல பகுதிகளிலிருந்து விலங்குகளைப் பிடித்துக் கப்பலேற்றும் காட்சி அங்கே விரிகிறது. அதன் ஒரு முனையில் யானைத் தந்தத்தைப் பற்றியபடி, ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் புலியும் நிற்க அமர்ந்திருக்கும் பெண்ணுருவை இந்தியாவின் உருவகமாக ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். வேறு கருத்துகளும் உண்டு. மிளகும் முத்தும் நம் துறைமுகங்களிலிருந்து உரோமுக்குப் போன கதையை அறிந்த தமிழ் வாசகர் அந்த மூலையைத் தவறவிடக் கூடாது. கத்தானியாவிலிருந்து இந்த இடம் சுமார் 100 கிலோமீட்டர். வண்டி இல்லாதவருக்கு ஒரு முழு நாளும் கொஞ்சம் பொறுமையும் தேவைப்படும்.

மேற்கு இதைவிடச் சிக்கலானது. கிழக்கில் ஒரு பெரிய நகரத்தைச் சுற்றி எல்லாம் அமைந்திருக்கின்றன. மேற்கில் ஒவ்வோர் இடமும் வேறொரு மக்களின் கதையைச் சொல்கிறது, அந்த மக்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டதுதான் அவற்றை இணைக்கும் இழை. செஜெஸ்தாவிலிருந்து தொடங்கலாம். எலிமியர் என்ற மக்களின் நகரமான அது, ஆளரவமற்ற குன்றுகளுக்கு நடுவே ஒரு டோரிக் கோயிலை விட்டுச்சென்றிருக்கிறது. அதன் 36 தூண்களும் இன்னும் நிற்கின்றன. ஆனால் கோயில் முடிக்கப்படவில்லை. தூண்களில் பள்ளவரிகள் செதுக்கப்படவில்லை; உள்ளே கருவறை இல்லை; கற்களைத் தூக்குவதற்காக விட்டுவைத்த புடைப்புகள் படிக்கட்டில் அப்படியே இருக்கின்றன. கிரேக்கர் அல்லாத ஒரு நகரம் கிரேக்கப் பாணியில் இவ்வளவு பெரிய கோயிலை ஏன் தொடங்கியது என்று கேட்டால், விடை அரசியலில் இருக்கக்கூடும். தெற்கிலிருந்த கிரேக்க நகரமான செலினுந்தேயோடு எல்லைத் தகராறில் சிக்கிய செஜெஸ்தா, ஏதென்ஸின் உதவியை நாடியது. வந்த தூதர்களுக்குத் தன் செல்வத்தைக் காட்ட, அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்தெல்லாம் பொன், வெள்ளிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, வீட்டுக்கு வீடு அவற்றையே மாற்றி மாற்றி வைத்து விருந்து கொடுத்து ஏமாற்றியதாகத் துசிடிடீஸ் சொல்கிறார். அந்த அழைப்பை ஏற்று வந்த படைதான் சிராக்கூசாவின் சுரங்கங்களில் முடிந்தது.

ஏதென்ஸ் தோற்றதும் செஜெஸ்தா கார்த்தேஜை அழைத்தது, கி.மு. 409இல் கார்த்தேஜ் வந்து செலினுந்தேயை அழித்தது. அந்த அழிவை இன்றும் நேரில் பார்க்க முடியும். கடலை நோக்கிய மேட்டில் சுமார் 270 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் செலினுந்தே, ஐரோப்பாவின் மிகப் பெரிய தொல்லியல் பூங்காக்களில் ஒன்று. எந்தக் கோயில் எந்தத் தெய்வத்துக்குரியது என்பது பலவற்றில் உறுதியாகாததால் அவற்றை இலத்தீன் எழுத்துகளாலேயே குறிக்கிறார்கள். ஈ கோயிலின் தூண்களை 1950களில் மீண்டும் நிறுத்தினார்கள். அருகிலுள்ள ஜி கோயிலோ, 100 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்டுவந்த ஒரு பேருருவம், நிலநடுக்கங்களில் சரிந்து மலைபோல் குவிந்து கிடக்கிறது. உண்மையில் என்னை அதிகம் ஈர்ப்பது சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள, கல் வெட்டியெடுத்த கூசா குழிகள். கோயிலுக்காக வெட்டத் தொடங்கிய தூண் உருளைகள் அங்கே பாறையிலிருந்து பாதி பிரிந்த நிலையிலும், முழுதும் பிரிந்து உருட்டக் காத்திருக்கும் நிலையிலும் நிற்கின்றன. 409இல் பகைவர் வந்த செய்தி கேட்டு வேலையாட்கள் விட்டுப் போன நிலை அது என்பதே பொதுவான விளக்கம். ஆலிவ் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடத்துக்குப் பேருந்து கிடையாது.

மேற்குக் கரையின் உப்பங்கழியில், படகில் பத்து நிமிட தூரத்தில் மோத்தியா இருக்கிறது. உப்பளங்களும் காற்றாலைகளும் சூழ்ந்த இந்தச் சிறு தீவு ஃபினீசியர்களின் நகரமாக இருந்தது. கி.மு. 397 அளவில் சிராக்கூசாவின் முதலாம் தியோனீசியஸ் இதை முற்றுகையிட்டு அழித்தபின் தப்பியவர்கள் நிலப்பகுதிக்குப் போய் லிலிபேயம் என்ற நகரத்தை உருவாக்கினார்கள். இன்றைய மர்சாலா அதுதான். தீவிலுள்ள அருங்காட்சியகத்தில் 1979இல் கண்டெடுத்த பளிங்கு இளைஞன் சிலை நிற்கிறது. உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடையின் மடிப்புகளைக் கல்லில் கொண்டுவந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், கிரேக்கச் சிற்பி ஒருவரின் கைவேலை ஃபினீசிய நகரத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எழும். அவன் தேரோட்டியா, வேறு யாருமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. மர்சாலாவில் ஒரு கார்த்தேஜியக் கப்பலின் மரப்பகுதிகளும், மத்சாரா தெல் வல்லோவில் 1998இல் மீனவர் வலையில் சிக்கிய கிரேக்கப் புராண வனதேவனான சாத்திரின் வெண்கலச் சிலையும் இருக்கின்றன. இவை எல்லாம் ஒரே நாள் பயணத்தில் அடங்கும்.

பலேர்மோவை இந்த இடிபாடுகளோடு ஒரே தராசில் வைக்க முடியாது, அது வேறொரு காலத்துக்குரியது. 831இல் அரபுகள் கைப்பற்றி, 1072இல் நார்மன்களிடம் இழந்த நகரம் அது. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர், அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயத்தில் பைசாந்தியக் கலைஞர்களின் பொன்வண்ண மொசைக் சுவர்களுக்கு மேலே, தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் அரபுப் பாணி மரக்கூரையைக் காணலாம். வழிபாடு நடந்தது இலத்தீனில். அதே மன்னருக்காகத்தான் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் உலகப் படத்தையும் அதற்கான விளக்கத்தையும் முடித்துக் கொடுத்தார். சீசா மாளிகையில் உள்ள 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லொன்றில் ஒரு தாயின் மறைவு எபிரேய, இலத்தீன், கிரேக்க, அரபு எழுத்துகள் நான்கிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மொன்ரியாலே பேராலயத்தில் 6,000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் இருக்கிறது. செலினுந்தேயின் சிற்பப் பலகைகள் பலேர்மோவின் சலீனாஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆகவே செலினுந்தேயைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ இங்கே வராவிட்டால் அந்தக் கோயில்கள் பாதிதான் புரியும்.

பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்து குடியேறியவர்கள் அவர்களுள் பலர். நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவர் என்று நம்பப்படும் அவரை வணங்க, கத்தோலிக்கத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் அந்த மலையேறுகிறார்கள். பயண முடிவை மாற்றும் காரணம் இதுவன்று. ஆனாலும் பல்லாரோ சந்தைப் பக்கம் நடக்கும்போது காதில் தமிழ் விழுந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

அக்ரிஜெந்தோவை எந்தப் பாதியில் சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய எல்லைக் கோட்டின்படி அது கிரேக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் இன்றைய போக்குவரத்து அதை மேற்கோடு கட்டிப்போட்டிருக்கிறது. பலேர்மோவிலிருந்து இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்; கத்தானியாவிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். இங்குள்ள கொன்கோர்தியா கோயில், கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயமாக மாற்றப்பட்டதால் 34 தூண்களோடும் முக்கோண முகப்போடும் முழுமையாகத் தப்பியது. அதற்குச் சற்றுத் தள்ளி, கிரேக்க உலகின் மிகப் பெரிய டோரிக் கோயில்களில் ஒன்றான சியுசின் கோயில் கற்குவியலாகக் கிடக்கிறது. அதன் கற்களில் பெரும்பகுதியை 18ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள துறைமுகத்தின் அலைத்தடுப்பு கட்ட எடுத்துச் சென்றார்கள். ஒன்று பயன்பாட்டில் இருந்ததால் பிழைத்தது, மற்றொன்று பயனற்றுக் கிடந்ததால் கரைந்தது. மாலை வெயிலில் இந்த இடம் அழகாகத் தெரியும் என்பதால், காலையில் வந்து மாலையில் திரும்பாமல் ஓரிரவு தங்குவது நல்லது.

இனிப் போக்குவரத்து, முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கப்போவது இதுதான். கிழக்கில் வண்டி இல்லாமலே நன்றாகச் சமாளிக்கலாம். கத்தானியாவுக்கும் சிராக்கூசாவுக்கும் இடையே இரயிலும் பேருந்தும் ஒன்றேகால் மணி நேர அளவில் ஓடுகின்றன. தவோர்மினாவுக்கும் நோத்தோவுக்கும் பேருந்து உண்டு. எட்னாவுக்குக் காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் திரும்பும் பேருந்து கத்தானியாவிலிருந்து இருக்கிறது. மேற்கில் பலேர்மோ, மொன்ரியாலே, செஃபாலு, அக்ரிஜெந்தோ ஆகியவை மட்டும் எளிது. செஜெஸ்தாவுக்குப் பேருந்துகள் மிகக் குறைவு. செலினுந்தேக்குக் கஸ்தெல்வெத்ரானோ வரை போய் மாற வேண்டும். மோத்தியா படகுத்துறையும் கூசாவும் வண்டியில்லாமல் சிரமம். ஆகவே வண்டி ஓட்டத் தயங்குகிறவர் மேற்கைத் தேர்ந்தால், பலேர்மோவையும் அக்ரிஜெந்தோவையும் பார்த்துவிட்டு, மேற்கின் உயிரான பகுதியைப் பார்க்காமலே திரும்ப வேண்டிவரும்.

வண்டி எடுப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்திய, இலங்கை உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. இதைவிடப் பெரிய தொல்லை, பழைய நகரங்களின் மையப்பகுதியில் வெளியூர் வண்டிகளுக்குத் தடை இருப்பது. கேமரா எண்ணைப் படம்பிடித்துவிடும். அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். பலேர்மோவின் நெரிசலில் ஓட்டிப் பழக நினைப்பது வீண் துணிச்சல். முதல் சில நாட்கள் பலேர்மோவை நடந்தே பார்த்துவிட்டு, புறப்படும் நாளில் விமான நிலையத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கு நோக்கிப் போவது சரியான வரிசை.

பருவத்தைப் பொறுத்தவரை இரு பாதிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராக்கூசா அருகே பதிவான 48.8 டிகிரி செல்சியஸ், ஐரோப்பாவின் உயர்ந்தபட்ச வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பால் ஏற்கப்பட்டது. சென்னை வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்ற துணிச்சல் இங்கே உதவாது. செலினுந்தேயிலும் அக்ரிஜெந்தோவிலும் மணிக்கணக்கில் நிழலே இல்லாத வெளியில் நடக்க வேண்டியிருக்கும். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையிலும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையிலும் போவதே ஏற்றது. வசந்த காலத்தில் செஜெஸ்தாவின் குன்றுகள் பசுமையாகவும் பூக்களோடும் இருக்கும். கோடையில் அவை வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு. ஆனால் பகல் குறுகியது, மழையும் வரும்.

சைவ உணவு உண்பவருக்கு மேற்கு சற்றுக் கூடுதல் வாய்ப்புத் தருகிறது என்றாலும் வேறுபாடு சிறியது. பலேர்மோவின் தெருக்களில் கொண்டைக்கடலை மாவைக் கிளறி, துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் பானெல்லே, பஜ்ஜி தின்று வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கத்தானியாவில் கத்திரிக்காயும் தக்காளியும் உப்பிட்ட ரிக்கோத்தாவும் சேர்ந்த நோர்மா பாஸ்தா கிடைக்கும். இரு இடங்களிலும், சைவம் போலத் தோன்றும் தக்காளிக் குழம்புகளிலும் ரொட்டிகளிலும் நெத்திலி கலந்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். மேற்குக் கரையிலுள்ள திராபனியின் புகழ்பெற்ற கூஸ்கூஸ் மீன் குழம்போடு வருவது.

விமானத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. தமிழ்நாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் இல்லாததால், உரோம், மிலான் அல்லது இஸ்தான்புல் போன்ற ஓரிடத்தில் மாறித்தான் கத்தானியாவுக்கோ பலேர்மோவுக்கோ வர வேண்டும். ஷெங்கன் விசா தேவை. எட்னா சாம்பலைக் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படுவதுண்டு என்பதால், திரும்பும் நாளில் இணைப்பு விமானத்துக்குத் தாராளமான இடைவெளி விட்டுப் பதிவு செய்வது நல்லது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து என் தேர்வைச் சொல்கிறேன். குழந்தைகளோடோ முதியவர்களோடோ போகிறவரும், வண்டி ஓட்ட விரும்பாதவரும், பழமையோடு எரிமலையையும் பார்க்க ஆசைப்படுகிறவரும் தயங்காமல் கிழக்கைத் தேர்ந்துகொள்ளலாம். சிராக்கூசாவின் ஒர்தீஜியாவில் நான்கு இரவும் கத்தானியாவில் மூன்று இரவும் தங்கினால் பெட்டியை ஒரே முறை மாற்றுவதோடு முடிந்துவிடும். இருவர் அல்லது மூவராகப் போய், ஒருவராவது நம்பிக்கையோடு வண்டி ஓட்டுவாரானால், நான் மேற்கைத்தான் சொல்வேன். தனித்தனிக் கட்டடமாக ஒப்பிட்டால் சிராக்கூசாவின் பேராலயத்துக்கு இணையாக மேற்கில் ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் ஃபினீசியர், எலிமியர், கிரேக்கர், அரபுகள், நார்மன்கள் என ஐந்து மக்களின் சுவடுகளை ஒரு நாள் வண்டி ஓட்டத்துக்குட்பட்ட வட்டத்துக்குள் தனித்தனியே பார்க்கும் வாய்ப்பு கிழக்கில் கிடையாது. அங்கே ஒவ்வொரு காலமும் முந்தைய காலத்தின் மீது ஏறிக்கொண்டுவிட்டது. கூட்டமும் மேற்கில் குறைவு. செஜெஸ்தாவில் காலை திறந்தவுடன் நுழைந்தால் கோயிலுக்கு முன்னால் சற்று நேரமாவது தனியாக நிற்கலாம். பலேர்மோவில் மூன்று இரவு, மர்சாலா அல்லது திராபனியில் இரண்டு, அக்ரிஜெந்தோவில் இரண்டு என்று பிரித்துக்கொண்டால் நெருக்கடி இல்லாமல் போகும்.

விடுப்பு பத்து நாளாக நீளுமானால் கேள்வியே மாறிவிடும். அப்போது பலேர்மோவில் இறங்கி, செஜெஸ்தா, மோத்தியா, செலினுந்தே, அக்ரிஜெந்தோ என்று தெற்குக் கரை வழியே வந்து, அங்கிருந்து உள்நாட்டுச் சாலையில் பியாத்சா அர்மெரினாவில் மொசைக்குகளைப் பார்த்து, சிராக்கூசாவை அடைந்து, கத்தானியாவிலிருந்து விமானம் ஏறலாம். எட்னாவுக்கு ஒரு நாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் ஒர்தீஜியாவுக்கான நாளைக் குறைக்க வேண்டாம். இந்தத் திசையிலேயே போவதுதான் சிறந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: செஜெஸ்தாவின் எல்லைத் தகராறை முதலில் பார்த்தவருக்குத்தான் சிராக்கூசாவின் சுரங்கங்களில் ஏதென்ஸ் வீரர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது வழியிலேயே விளங்கிவிடும். ஓரிடத்தில் எடுத்த வண்டியை வேறிடத்தில் விடுவதற்கு வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். அதைப் பதிவு செய்யும்போதே விசாரித்து, பலேர்மோவுக்குத் திரும்பி வருவதற்கு ஆகும் ஒரு முழு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.